மாவோவின் அம்மா பெயர் என்ன?

வணக்கம் ஐயா,

மாவோ சேதுங் பெயரில் 'சே' என்றால் நீர்வளம், அருள். 'துங்' என்றால் கிழக்கு என்று படித்தேன். கிழக்குக்கு அருள்பவர்! எதிர்காலம் தெரிந்துதான் வைத்தார்களா? பெயருக்கு அப்படியொரு சக்தி உண்டா? என் மகனுக்கு இதை வைக்கலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

மகனுக்கு வைப்பது உங்கள் வீட்டுச் சமாச்சாரம். ஆனால் சக்தியாவது ஒன்றாவது! எண்கணிதம் பார்த்துப் பெயரில் எழுத்தைக் கூட்டுகிற கூட்டத்தில் நீங்களும் போய்ச் சேராதீர்கள். பொருள் நீங்கள் சொன்னதுதான். ஆனால் 'சே'யைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கவே இல்லை. சீனாவின் ஹூனான் மாகாணத்தில், ஷாவோஷான் ஊர் மாவோ குலத்துக்கு ஒரு தலைமுறைப் பாட்டு உண்டு. தலைமுறைக்கு ஒரு சொல், அதுவே பெயரின் முதல் பாதி. தாத்தா என்பு, அப்பா யிசாங், மகன் சேதுங். அடுத்த தலைமுறைக்கு 'யுவான்'. சேர்த்துப் படித்தால், முன்னோர் விட்டுச்சென்ற அருள் நெடுந்தூரம் போகும் என்று வரும். தம்பிகள் சேமின், சேதான் இருவருக்கும் அதே 'சே'தான். சேதான் 1935இல் சண்டையில் செத்தார். சேமினை 1943இல் சிறையில் கொன்றார்கள். எங்கே போயிற்று உங்கள் சக்தி?

அப்புறம், வீட்டில் கூப்பிட்ட பெயர் வேறு. மாவோவுக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் கைக்குழந்தையிலேயே இறந்துபோனார்கள். இதுவாவது தங்கட்டும் என்று அம்மா ஒரு பாறையை வணங்கி, அதையே பிள்ளைக்கு வளர்ப்புத்தாய் ஆக்கினார். அப்படி வந்ததுதான் 'மூன்றாவது கல் பையன்' என்ற செல்லப்பெயர். எனக்குச் சேதுங்கைவிட இதுதான் பிடிக்கும். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வைத்த பெயர்.

சரி, அந்த அம்மாவின் பெயர் என்ன? நீங்கள் கேட்கவில்லை. யாருமே கேட்பதில்லை. ஊருக்கு அவர் வென் ச்சிமெய், அதாவது வென் வீட்டு ஏழாவது பெண். அருளும் இல்லை, கிழக்கும் இல்லை, வெறும் எண். குலப்பாட்டில் மருமகளுக்குச் சொல் ஒதுக்கும் வழக்கமும் கிடையாது. மாவோவுக்குச் சிறுவயதில் கட்டிவைத்த மனைவியும் குலப்பதிவேட்டில் 'லுவோ வீட்டுப் பெண்' மட்டும்தான். பிறந்த வீட்டின் பெயரோடு சரி. இதையெல்லாம் விட்டுவிட்டு ஆண்பிள்ளையின் பெயருக்குப் பலன் கேட்டு எழுதுகிறீர்கள்.

மாவோ தன் மகள்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். லி மின், லி நா. பெரியோன் பேச்சில் தயங்குவான், செயலில் விரைவான் என்ற கன்பூசியஸின் வரியிலிருந்து எடுத்தவை. 1974இல் நாடே கன்பூசியஸைத் திட்டித் தீர்த்தபோதும் மகள்களின் பெயர்கள் மாறவில்லை.