ரத்த வகை சேரவில்லை என்றால்…

சிறுநீரக மாற்று சிகிச்சை பற்றிய வாசகர்களின் கேள்விகளுக்குச் சிறுநீரக மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள்.

என் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அவருக்கு ஓ பாசிட்டிவ், எனக்கு பி நெகட்டிவ். நான் சிறுநீரகம் கொடுக்கவே முடியாதா?
*வாசகி, கும்பகோணம்*

முடியும், ஆனால் பாதை சற்று நீளம். பாசிட்டிவ், நெகட்டிவ் பற்றிய கவலையை விடுங்கள். சிறுநீரகத்துக்கு அது பொருட்டில்லை. ஏ, பி, ஓ பொருத்தம்தான் கணக்கு. ஓ வகைக்காரருக்கு ஓ வகைச் சிறுநீரகமே நேரடியாகச் சேரும். கணவரின் பெற்றோர், உடன்பிறந்தோரில் ஓ வகையினர் உண்டா என்று முதலில் பாருங்கள்.

இல்லையென்றால், இதே சிக்கலில் உள்ள இன்னொரு குடும்பத்துடன் பரிமாற்றம் செய்யலாம். உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தம் இதை அனுமதிக்கிறது. அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆனால் ஓ நோயாளிக்கு இணை கிடைப்பது கடினம். ஓ வகைச் சிறுநீரகம் எல்லா ரத்த வகைக்கும் சேரும் என்பதால், கொடுக்க முன்வரும் ஓ வகைக்காரர் தன் வீட்டு நோயாளிக்கே பெரும்பாலும் நேரடியாகக் கொடுத்துவிட முடியும். அவருக்குப் பரிமாற்றமே தேவைப்படாது.

அடுத்த வழி, வகை மாறியே பொருத்துவது. சில வாரங்களுக்கு முன்பே, எதிர்ப்புப் பொருள் உருவாவதைக் கட்டுப்படுத்தும் ரிடுக்ஸிமாப் ஊசி போட்டு, பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) மாற்றத்தால் கணவரின் ரத்தத்தில் பி வகையைத் தாக்கும் எதிர்ப்புப் பொருளைக் குறைத்த பிறகே அறுவை சிகிச்சை. செலவும் தொற்று அபாயமும் கூடுதல்.

எந்த வழியில் போனாலும், மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காக மாற்று சிகிச்சை மருத்துவமனை மூலம் டிரான்ஸ்டான் (தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) பட்டியலில் இப்போதே பதிந்துவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: ஹீமோகுளோபின் குறைந்தால் உடனே ரத்தம் ஏற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். அவசரம் இல்லையென்றால் ரத்த அணுக்கள் உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஊசியும் இரும்புச்சத்தும் போதுமா என்று கேளுங்கள். ஏற்றும் ரத்தம் ஒவ்வொன்றும் அவர் உடலில் புதிய எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கலாம். அப்புறம், கொடுப்பவரின் அணுக்களை நோயாளியின் ரத்தம் தாக்குகிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் பரிசோதனையில் நல்ல சிறுநீரகமும் தவறிப்போகும்.

பழுதான சிறுநீரகங்களை எடுத்துவிடுவார்களா?
*வாசகர், சேலம்*

பெரும்பாலும் இல்லை. புதியது அடிவயிற்றில், பொதுவாக வலப்பக்கம், காலுக்குப் போகும் ரத்தக் குழாய்களுடன் இணைக்கப்படும். நீர்க்கட்டிகளால் மிகவும் வீங்கியிருந்தாலோ, ஓயாமல் தொற்று வந்தாலோதான் பழையதை அகற்றுவார்கள்.

மாற்று சிகிச்சை முடிந்து எட்டு மாதம். புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கப் போடும் டாக்ரோலிமஸ் மருந்தின் ரத்த அளவு ஏறி இறங்குகிறது, ஏன்?
*வாசகர், திருநெல்வேலி*

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நேரத்தை முதலில் கவனியுங்கள். இரண்டு வேளை மாத்திரை என்றால், இரவு மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பு ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டுக் கொடுத்தால் அளவு பொய்யாக ஏறித் தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கலாம். ஆரம்பத்தில் வலி இருக்காது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் மட்டும் ரத்தத்தில் ஏறும்.

வயிற்றுப்போக்கு, பூஞ்சைத் தொற்றுக்கான ஃபுளுகோனசோல், பம்ப்ளிமாஸ் பழம் ஆகியவை அளவை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வெகுவாக இறக்கும். வேறு மருத்துவர் எதை எழுதினாலும் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் காட்டிய பிறகே தொடங்குங்கள். ஒரு வேளை மறந்து, அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரட்டிப்பாகப் போட வேண்டாம். மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள்.