கதவில் வங்கி நோட்டீஸ், கையில் கிரய ஒப்பந்தம்

கேள்வி: சேலையூரில் ஒரு அடுக்குமாடி வீட்டை 62 லட்சத்துக்குப் பேசி, 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டேன். அதன் மேல் வங்கிக் கடன் வட்டியோடு 74 லட்சம் நிற்பது எனக்குத் தெரியும். "ஓ.டி.எஸ். (பாக்கியைக் குறைத்து ஒரே தடவையில் கணக்கை முடிப்பது) கேட்டிருக்கிறேன், 62-க்கு வங்கி கணக்கை முடித்துவிடும்" என்றார் உரிமையாளர். ஏழு மாதமாகிறது. கிளையில் கேட்டால் "மேலே போயிருக்கிறது" என்பதோடு சரி. போன வாரம் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இன்னும் 3 லட்சம் கொடுத்தால் வங்கியில் கட்டி வேகப்படுத்தலாம் என்கிறார் உரிமையாளர். என்ன செய்யட்டும்?

பதில்: அந்த 3 லட்சத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் விலை பேசியது உரிமையாளரோடு. விலையை முடிவு செய்யப்போவது வங்கி. 74 லட்சம் பாக்கியில் 12 லட்சத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் பெரும்பாலும் கிளை மேலாளருக்கு இருக்காது. கோப்பு மண்டல அலுவலகம் போய், மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்த்து, ஏலம் விட்டால் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டு, கமிட்டி உட்கார வேண்டும். ஏலத்தில் 68 வரும் என்று தோன்றினால் உங்கள் 62-ஐ ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். ஓ.டி.எஸ். கொடுத்தே தீர வேண்டும் என்று கடன்தாரர் உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கடன்தாரருக்கே அந்த நிலை என்றால், வங்கியைப் பொறுத்தவரை நீங்கள் யாரோ. அதனால்தான் உங்களிடம் பேச மறுக்கிறார்கள். "இவரிடம் கணக்கு விவரம் பகிரலாம்" என்று உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், பேச்சு மாறும்.

இனி அந்த நோட்டீஸ். கிட்டே போய்ப் படியுங்கள். பெரும்பாலும் அது சர்ஃபாசி சட்டம் (வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சட்டம்), பிரிவு 13(4)-ன் கீழ் வரும் சுவாதீன அறிவிப்பாக, அதாவது வீட்டை வங்கி தன் வசம் எடுத்ததாகச் சொல்லும் நோட்டீஸாக இருக்கும். கீழே "அதிகாரம் பெற்ற அலுவலர்" கையெழுத்து இருக்கும். பாக்கித் தொகையைச் சொல்லி, இந்தச் சொத்தில் யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்க வேண்டாம் என்று பொதுமக்களை எச்சரிக்கும் ஒரு பத்தியும் இருக்கும். அந்தப் பொதுமக்களில் நீங்களும் உண்டு. இதற்கு முன்பே 13(2)-ன் கீழ் 60 நாள் கெடு வைத்து உரிமையாளருக்கு நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அது கிடைத்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கக் கூடாது என்கிறது பிரிவு 13(13). அந்தத் தேதியை அவரிடம் கேளுங்கள். உங்கள் அட்வான்ஸுக்கு முன்பே வந்திருந்தால், அவர் உங்களிடம் எதை மறைத்தார் என்பது விளங்கும்.

ஒட்டியிருப்பது ஏல அறிவிப்பு என்றால் கதை வேறு. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் பாக்கி முழுவதையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை கடன்தாரருக்கு உண்டு. 2023-ல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அதற்கு மேல் ஓ.டி.எஸ். கிடைக்கும் என்று காத்திருப்பது வீண்.

சுவாதீன அறிவிப்புதான் என்றால் இன்னும் வழி இருக்கிறது. உரிமையாளர், வங்கி, நீங்கள் மூவரும் கையெழுத்திட்ட முத்தரப்பு ஒப்பந்தம் கேளுங்கள். எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும், எந்தத் தேதிக்குள், ஓ.டி.எஸ். நிராகரிக்கப்பட்டால் உங்கள் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். கட்டுவதை நேராகக் கடன் கணக்கில் கட்டுங்கள். கடன் முடிந்த 30 நாளில் அசல் பத்திரங்களைத் திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆனால் அவற்றைப் பெறும் உரிமை கடன்தாரருக்கு. பத்திரங்கள் உங்கள் கைக்கு வரும் என்பதையும், அடமானத்தை நீக்கும் ரசீது ஆவணத்தை வங்கி பதிவு செய்து தரும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

எல்லோரும் மறக்கும் ஒன்று: விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் விலையில் 1% டி.டி.எஸ். (விற்பவரின் வருமான வரிக் கணக்குக்கு) பிடித்துக் கட்ட வேண்டும். வங்கி 62 லட்சம் முழுதாகக் கேட்கும். இந்த 62,000 ரூபாய்க்காகக் கிரய நாளன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் சண்டை நடக்கும். அது யார் தலையில் என்று இப்போதே பேசிவிடுங்கள்.

ஏலத்தில் நானே எடுத்துவிடட்டுமா என்று தோன்றும். எடுக்கலாம், ஆனால் முழுப்பணமும் தயாராக இருந்தால் மட்டும். 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதியை ஏலம் உறுதியானதிலிருந்து 15 நாளில், வங்கி எழுத்தில் நீட்டித்தால் அதிகபட்சம் மூன்று மாதத்தில். தவறினால் அந்த 25 சதவீதமும் போகும். அது சரிதான் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படி எடுத்தாலும் உரிமையாளரிடம் கொடுத்த 5 லட்சம் அந்தக் கணக்கில் சேராது.

அந்த 5 லட்சத்துக்கு வருகிறேன். கிரய ஒப்பந்தம் மட்டும் வீட்டில் உங்களுக்கு எந்த உரிமையும் தராது. சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 54 அப்படித்தான் சொல்கிறது. அட்வான்ஸுக்குச் சொத்தின் மேல் ஒரு பொறுப்பு (அதிலிருந்து வசூலிக்கும் உரிமை) உண்டு என்றாலும், அது வங்கிக்குப் பின்னால்தான் நிற்கும். 74 லட்சம் பாக்கியுள்ள வீட்டில் வங்கி எடுத்தது போக மிஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? பணத்தை உரிமையாளரிடம்தான் வசூலிக்க வேண்டும். அவருக்கு வேறு சொத்தோ சம்பளமோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். புதிதாக ஒரு வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். வேறு நீதிமன்ற ஜப்தி இருந்தால் முத்தரப்பு ஒப்பந்தமும் உதவாது.

முத்தரப்பு ஒப்பந்தத்துக்கு இரண்டு வாரம் கெடு கொடுங்கள். அவர் இழுத்தடித்தால், ஒப்பந்தத்தை ரத்து செய்து அட்வான்ஸைத் திருப்பக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு, ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். வேறு கடன்காரர்களும் அவரைத் தேடிக்கொண்டிருக்கலாம்.