டாக்டரிடம் கேளுங்கள்: புண் ஆறிவிட்டது, ஊசி எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 29. டைல்ஸ் வேலை செய்கிறேன். சவுதி போக மெடிக்கல் எடுத்தபோது விடிஆர்எல் (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான ரத்தச் சோதனை) 1:32 என்று வந்து ‘அன்ஃபிட்’ ஆக்கிவிட்டார்கள். நாலு மாதம் முன்பு ஆணுறுப்பில் ஒரு புண் வந்தது. வலி இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த களிம்பில் ஆறிவிட்டது. இப்போது உள்ளங்கையில் செம்பு நிறத்தில் புள்ளிகள், அரிப்பு இல்லை. பென்சிலின் போடச் சொல்கிறார்கள். புண்ணே இல்லாதபோது ஊசி எதற்கு? மனைவி மூன்று மாதக் கர்ப்பம். அவளுக்குத் தெரியாமல் முடித்துக்கொள்ளலாமா?

- பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

பதில்: தம்பி, புண்ணை ஆற்றியது களிம்பு இல்லை. சிபிலிஸ் புண் ஒன்றுமே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக மறையும். கிருமி அதற்குள் ரத்தத்தில் ஏறிவிடும். உள்ளங்கைப் புள்ளிகள் அதன் இரண்டாம் கட்டம். பால்வினை நோய்ப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில் “வலிக்கவே இல்லையே டாக்டர்” என்று சொல்லாத ஆள் குறைவு. வலித்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பார்கள். (ஹெர்பிஸ் வலிக்கும், கொத்தாகக் கொப்புளம் வரும். அது வேறு.) இந்தப் புள்ளிகளும் போய்விடும். அப்போதும் குணமாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். பல வருடம் கழித்து இதயத்திலோ மூளையிலோ வந்து நிற்கலாம்.

ஊசி பென்சாதின் பென்சிலின், 24 லட்சம் யூனிட். பாதிப் பாதியாக இரண்டு பக்க இடுப்பிலும் போடுவார்கள். நன்றாகவே வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். நோய் வந்து நாலைந்து மாதம்தான் என்பதால் ஒரு தடவை போதும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் முன்பே சொல்லுங்கள், உங்களுக்கு மாத்திரை உண்டு. அன்று இரவு காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். கிருமிகள் மொத்தமாகச் சாவதால் வருவது அது, பாராசிட்டமால் போதும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் விடிஆர்எல் பாருங்கள். 1:32 என்பது 1:8-க்கோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும். டிபிஎச்ஏ என்ற இன்னொரு சோதனை, குணமான பிறகும் பெரும்பாலும் பாசிட்டிவாகவே இருக்கும். அதனால் சிகிச்சைச் சீட்டைத் தொலைக்காதீர்கள், அடுத்த மெடிக்கலுக்கு உதவும்.

மனைவி விஷயத்தில் நீங்கள் கேட்பது நடக்காது. அவருக்கும் தொற்றியிருந்து, கவனிக்காமல் விட்டால் கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம், பிறந்த குழந்தைக்கும் நோய் இருக்கலாம். மூன்று மாதத்திலேயே தெரிந்தது நல்லதாகப் போயிற்று. கர்ப்பிணிக்கு பென்சிலின்தான் மருந்து, உங்களுக்குச் சொன்ன மாத்திரை ஆகாது. ஏற்கெனவே அவருக்கு ரத்தம் பார்த்து நெகட்டிவ் வந்திருந்தாலும் நம்ப வேண்டாம். தொற்றிய முதல் சில வாரம் ரத்தத்தில் தெரியாது. இரண்டு பேருமாக அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் சொல்ல நா எழவில்லை என்றால் அங்கே ஆலோசகரை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அப்படியே நம்பிக்கை மையத்தில் எச்ஐவி சோதனையும் இருவரும் செய்துகொள்ளுங்கள், இலவசம். இருவருக்கும் ஊசி போட்டு ஒரு வாரம் ஆகும்வரை உறவு வேண்டாம். அப்புறம், இது உங்களுக்கு எங்கிருந்து வந்ததோ, அங்கேயும் தகவல் போக வேண்டும்.

கேள்வி: பொதுக் கழிப்பறையில் உட்கார்ந்தால் சிபிலிஸ் வருமா?

- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வராது. அந்தக் கிருமி வெளியே காய்ந்தால் செத்துவிடும். இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் வீட்டில் யாராவது அப்படிக் காரணம் சொல்லியிருப்பார்கள். உங்களிடம் சொன்னவரையும் அழைத்துக்கொண்டு போய் ரத்தம் பாருங்கள்.