பார்லரில் சிரித்துப் பேசும் மனைவி வீட்டில் ஏன் பேசுவதில்லை?

“கடையில் எல்லோரிடமும் சிரித்துப் பேசும் என் மனைவி, கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தால் வாயே திறப்பதில்லை, காரணம் என்ன?” என்று கேட்டிருக்கிறீர்கள். காவேரிப்பட்டணத்தில் பெண்கள் அழகு நிலையம் நடத்துகிறவள் நான். உங்கள் மனைவிக்கு உங்கள்மேல் வெறுப்பு இருக்காது. பேசுவதற்கான தெம்பைக் கடையிலேயே செலவழித்துவிட்டு வருகிறார் என்றே நினைக்கிறேன்.

2020 ஏப்ரல் இறுதியில் தமிழ்நாட்டில் தொற்று இல்லாத பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் எங்கள் கிருஷ்ணகிரிதான். அதனால் அச்சம் எங்களுக்குத் தாமதமாகவே வந்தது. கடைகள் மீண்டும் திறந்தபோது வாடிக்கையாளரின் ஆதார் எண்ணை எழுதி வைக்க வேண்டும் என்பது அரசு விதி. ஆண்டுக்கணக்காக வரும் அக்காவிடம் அதைக் கேட்டு, “என்னையே சந்தேகப்படுகிறாயா?” என்றவரின் மனம் கோணாமல் பேசி, என் பயத்தையும் வெளியே காட்டாமல் வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. விமானப் பணிப்பெண்களின் புன்னகையும் அவர்கள் செய்யும் வேலையின் பகுதியே என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் 1983-இல் எழுதினார். எங்கள் புன்னகையை முகக்கவசம் மறைத்துவிட்டதால், அது செய்ய வேண்டியதையெல்லாம் குரலாலேயே செய்தோம்.

புருவம் எடுக்கும்போது நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். முகக்கவசம் வந்தபின் அந்த நூல் முனையைக் கழுத்தில் கட்டிக்கொண்டோம். நூல் இழுக்கையில் கண்ணீர் வருவது இயல்பு என்பதால், வீட்டில் அழ இடமில்லாத பெண்கள் எங்கள் நாற்காலியில் சாய்ந்து அழுதார்கள். இரண்டாம் அலைக்குப் பின், 2021 ஜூன் 14 முதல் கடை திறக்க அனுமதி கிடைத்தது. சில வாரங்கள் கழித்து, கணவரைத் தொற்றுக்குப் பறிகொடுத்த ஒருவர், வேலை கேட்டு அதிகாரிகளைப் பார்க்கப் போக வேண்டும், நரையை மறைத்துவிடுங்கள் என்று விடியற்காலையில் வந்தார். “பார்லருக்குப் போனாள்” என்று உறவினர்கள் பேசுவார்களே என்ற பயம் அவருக்கு. சாயம் ஊறும் நேரம் முழுவதும், கணவரின் முகத்தைக்கூடப் பார்க்கவிடவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதே ஆண்டு மே மாதத்தில் பெங்களூருவில் இருந்த என் அக்காவை நாங்களும் முகம் பாராமலே இழந்திருந்தோம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆறுதல் தேடி வந்தவர் எனக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகக் கூடாது என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அன்று இரவு என் மகள் “சாப்பிட்டாயா அம்மா?” என்று கேட்டதற்குக்கூட என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

செவிலியர்களும் தூய்மைப் பணியாளர்களும் பட்டதற்கு இதை நான் இணையாக வைக்கவில்லை. “காசு வாங்கிக்கொண்டுதானே செய்தீர்கள்?” என்று சிலர் கேட்கலாம். சாயத்துக்கும் புருவத்துக்கும் விலைப்பட்டியல் உண்டு. அவர்கள் துயரத்தைக் காதுகொடுத்துக் கேட்டதற்கு யாரும் காசு தந்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. என்னிடம் வேலை பார்த்த போச்சம்பள்ளிப் பெண் கைத்திறன் மிக்கவள். அவள் ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். சம்பளம் ஏறக்குறைய அதேதான். அங்கே இயந்திரத்தோடு மட்டும் இருந்தால் போதும் என்றாள்.

ஆகவே, உங்கள் மனைவி வந்தவுடன் “ஏன் பேசவில்லை?” என்று கேட்காதீர்கள். அன்றைய இரவுச் சமையலை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவரைச் சிறிது நேரம் தனியாக விடுங்கள். பிறகு அவரே பேசத் தொடங்கினால், இடையில் யோசனை எதுவும் சொல்லாமல் முழுவதையும் கேளுங்கள்.