பரணிலிருந்து இறங்கிய ஆல்ட்டோ

அன்புள்ள ஐயா,

18 வருடங்களுக்கு முன் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தேன். நாயனக் கோஷ்டியோடும் போயிருக்கிறேன். பிறகு விட்டுப்போய்விட்டது. ஓய்வு பெற்றபின் பரணிலிருந்து இறக்கி ஊதிப் பார்த்தேன். மேல் ஸ்தாயி பேசுகிறது, கீழே போகப்போக கரகரவென்று உடைகிறது. புதிதாகவே வாங்கிவிடலாமா? நாயனம் போல நேராக இருப்பதால் சொப்ரானோ சாக்ஸபோன் மேல் ஓர் ஆசை. வாயில் வைத்து ஊதும் முனையை, அதாவது மவுத்பீஸை, மெட்டலில் போட்டால் பந்தல் முழுக்கக் கேட்கும் என்றும் சொல்கிறார்கள்.

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்குப் புதிய வாத்தியம் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் கரகரப்பு காற்றுக் கசிவால் வருவது. ஆல்ட்டோவில் ஏறக்குறைய 25 பேட்கள் உண்டு. துளைகளை அடைக்கும் மூடிகளுக்குள் இருக்கும், கம்பளியின் மேல் தோல் போர்த்திய வில்லைகள் அவை. இத்தனை வருடத்தில் தோல் காய்ந்து விறைத்திருக்கும். மேலே ஒரு பேட் லேசாகக் கசிந்தாலும் அதற்குக் கீழுள்ள ஸ்வரங்கள் எல்லாம் தள்ளாடும்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, மெல்லிய எல்இடி சரம் ஒன்றை உள்ளே விட்டு, ஒவ்வொரு மூடியாக மெதுவாக மூடிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் காற்றும் கசியும். எல்லோரும் தவறவிடும் இடம் ஜி ஷார்ப் மூடி. எஃப் ஸ்வரத்துக்கான விரல்களைப் பிடித்துக்கொண்டு ஜி ஷார்ப் சாவியை அழுத்துங்கள். அந்த மூடி மயிரிழை எழுந்தாலும் கீழ் ஸ்தாயி போயிற்று. அதன் மேல் இருக்கும் சிறு திருகைக் கால் சுற்று இறக்கினால் பல வாத்தியங்கள் அங்கேயே சரியாகிவிடும். நம் ஈரக்காற்றில் ஊசி ஸ்பிரிங்குகளும் துருப்பிடித்திருக்கும், அவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். உடம்பில் நசுங்கல் இருந்தால் பயமில்லை. கழுத்துக் குழாய் கீழ்ப்பக்கம் சுருங்கி வளைந்திருந்தால்தான் கவலை. பழையது வாங்குகிறவர்களும் முதலில் பார்க்க வேண்டியது கழுத்தைத்தான்.

சொப்ரானோ பார்வைக்குத்தான் நாயனம். அதன் மவுத்பீஸ் சிறியது. உதடு இம்மி அசைந்தாலும் சுருதி நகர்ந்துவிடும். விட்டுப்போன உதட்டுக்கு அது கொடுமை. சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத் கமகங்களைப் பேசவைத்ததும் ஆல்ட்டோவில்தான். இன்னொரு சௌகரியம், ஆல்ட்டோவில் சி விரலை ஸட்ஜமமாக, அதாவது ஆதார 'ஸ'வாக, வைத்தால் சுருதி 2½ கட்டை. அந்தச் சுருதி பாரி என்கிற நீள நாயனத்தோடு நேராகச் சேரும். நாயனக்காரர் 2 கட்டை என்றால் பி விரலில் ஸட்ஜமம் வைக்க வேண்டியிருக்கும். அதைத் தனியாகப் பழகாமல் மேடையேறாதீர்கள்.

இனி மவுத்பீஸ். காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வாயில் வைத்து ஊதும் சீவாளி சரியில்லாவிட்டால் எந்த ஆச்சா மரத்து நாயனமும் பேசாது என்பது உங்கள் ஊர்ப்பக்கம் குழந்தைக்கும் தெரியும். இங்கே மவுத்பீஸும், அதில் மாட்டி அதிரவைக்கும் மெல்லிய பட்டையான ரீடும் சேர்ந்துதான் சீவாளி. பார்க்க வேண்டிய அளவு, ரீட் நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் இடையிலுள்ள திறப்பு. யமஹா 4சி மவுத்பீஸில் அது 1.60 மி.மீ., செல்மர் எஸ்80 சி ஸ்டார் மவுத்பீஸில் 1.70. திரும்ப வருகிறவருக்கு இந்த எல்லை போதும். 4சி விலையும் குறைவு, அதில் தொடங்குங்கள். திறப்பு 2 மி.மீ.யைத் தாண்டினால் உதடு தாங்காமல் பல்லால் கடிப்பீர்கள். கடித்தால் சுருதி ஏறும், நாதம் ஒடுங்கும்.

மெட்டலா, கெட்டி ரப்பரான எபோனைட்டா என்பதைவிட உள்ளே என்ன வடிவம் என்பதே நாதத்தைத் தீர்மானிக்கிறது. பந்தலில் கேட்கும் என்று விற்கப்படும் மெட்டல் மவுத்பீஸ்கள் பெரும்பாலும் ரீடுக்கு எதிரே உள்ள உள்மேடு உயர்ந்தவை, நாதம் கூர்மையாக வரும். மைக் முன்னால் அது காதைக் குத்தும். தவில் சத்தத்தோடு போட்டி போடுவது மைக்கின் வேலை, உங்கள் உதட்டின் வேலை அல்ல.

கடிக்கிறீர்களா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதுங்கள். ஆல்ட்டோவுக்கு அது 6 கட்டை ஸட்ஜமத்தில் நிற்க வேண்டும். சுருதிப்பெட்டியை வைத்துப் பாருங்கள். மேலே போனால் தாடையைத் தளர்த்துங்கள். தினமும் முதல் இரண்டு நிமிடம் இதைச் செய்தாலே போதும்.

ரீட் 2-ஆம் எண்ணில் தொடங்குங்கள், எண் கூடக் கூட விறைப்பும் கூடும். ஒரு மாதம் கழித்து 2½. பழைய நினைப்பில் 3 வாங்கினால் காற்றுச் சத்தம்தான் வரும். மாட்டும்போது ரீடின் நுனிக்கு மேல் மவுத்பீஸின் கறுப்பு ஒரு மயிரிழை தெரிய வேண்டும். ரீட் அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் விறைப்பு, ரொம்ப இறங்கினால் தொளதொளப்பு. மூன்று நான்கு ரீட்களை நாள் மாற்றி நாள் வாசியுங்கள். முதல் வாரங்களில் ஒரு வேளைக்கு 15 நிமிடம், காலை மாலை. வாயோரம் நடுங்க ஆரம்பித்தால் அன்றைக்கு மூடிவையுங்கள்.

எபோனைட்டை வெந்நீரில் கழுவாதீர்கள். பச்சையும் பழுப்புமாக நிறம் மாறி, கந்தக வாடை அடிக்கும். பச்சைத் தண்ணீர் போதும். ஐப்பசி, கார்த்திகையில் ஜி ஷார்ப், தாழ் சி ஷார்ப் பேட்கள் ஒட்டிக்கொள்ளும். பவுடர் போடாமல், லேசாக ஈரப்படுத்திய மெல்லிய காகிதத்தை இடையில் வைத்து மூடி, அழுத்தத்தைத் தளர்த்தி மெதுவாக உருவி எடுங்கள். ரீட்களையும் ஈரத்தோடு பெட்டிக்குள் பூட்டாதீர்கள், இரண்டே நாளில் பூசணம் பூத்துவிடும். சித்திரை வெயிலில் வாத்தியத்தைக் காருக்குள் விட்டுவைத்தால் பேட்களைப் பிடித்திருக்கும் அரக்கு இளகி, புதிதாகப் போட்டவையும் இடம் பெயர்ந்துவிடும்.