"எனக்கப்புறம் மாட்டை வித்துரு" என்கிறார்

மேடம், வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு இல்லை. ஆறு கறவை மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றினோம். தோல் கழலை நோயில் இரண்டு போய்விட்டன. அதில் ஒன்று நிறைமாதச் சினை. "முகாமன்னைக்கு ஓட்டிட்டுப் போயி ஊசி போட்டிருந்தா பொழச்சிருக்கும்" என்று வீட்டுக்காரர் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு மாதமாக நடுச்சாமத்தில் எழுந்து கட்டுத்தரையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். சோறு இறங்குவதில்லை. தலைவலி, முதுகுவலி என்கிறார். தினமும் குடி. பேங்கிலும் வெளியிலும் கடன். போன வாரம், "எனக்கப்புறம் மாட்டையெல்லாம் வித்துக் கடனைக் கட்டிரு" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "மாட்டை யாரு பாக்கறது?" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

அன்புள்ள சகோதரிக்கு,

"எனக்கப்புறம்" என்று அவர் சொன்னதை விரக்திப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். இன்றே, அவர் குடிக்காத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "ஏனுங்க, செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதுங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. யாராவது கேட்க மாட்டார்களா என்றிருப்பவருக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். "ஆமா" என்றால் திட்ட வேண்டாம், பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கவும் வேண்டாம். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் தனியே விடாமல் அப்போதே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்; 108 வரும்.

பதில் எதுவானாலும் பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலி மருந்து, மாட்டுக்குப் போடும் உண்ணி மருந்து எல்லாம் இன்று பொழுது சாய்வதற்குள் சாளையை விட்டு வெளியேற வேண்டும். ஒளித்து வைத்தால் போதாது. உங்கள் கொட்டகையின் மூலைமுடுக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. நம்பிக்கையான உறவினர் வீட்டில் பூட்டி வையுங்கள். சாகத் தோன்றும் வேகம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் விஷம் கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு தற்கொலைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது மனச்சோர்வு நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 2 வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, பசி போவது, தன்னையே குற்றம் சொல்வது எல்லாம் அதன் அறிகுறிகள். பாடுபட்டே பழகிய ஆண்கள் பலருக்கு அது முதலில் உடம்பு வலியாகத் தெரியும். அந்தக் கழலை நோய் ஈ, கொசு கடித்துப் பரவுவது. ஊசி போட்ட மாட்டுக்கும் சில சமயம் வரும். இதை நீங்கள் சொல்லி வாதாட வேண்டாம். உங்கள் கால்நடை மருத்துவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

மாட்டை யார் பார்ப்பது என்று அவர் கேட்பதைச் சாக்கு என்று நினைக்காதீர்கள். ஒரு வேளைக் கறவை தவறினால் மடி கட்டி மடிநோய் வரலாம் என்று தெரிந்தவரின் கவலை அது. ஆகவே மருத்துவரைத் தேடுமுன் கறவைக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அவர் முதல் நாளே வந்து மாட்டுக்குப் பழகட்டும்; புது ஆள் கை பட்டால் சில மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அவசரமில்லை என்றால் காலைப் பாலை ஊற்றிவிட்டுக் கிளம்பி, சாயங்காலக் கறவைக்குத் திரும்பிவிடலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் பக்கம் எந்த நாளில் வருகிறார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விசாரியுங்கள்.

தினமும் எவ்வளவு குடிக்கிறார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நாள்பட்டு அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 2, 3 நாளில் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். அதற்கும் மருந்து வேண்டும். மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் வாரத்தில் பலருக்குக் குமட்டல் போன்ற தொந்தரவுதான் தெரியும், "இது கேக்கல" என்று நிறுத்திவிடுவார்கள். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். மாத்திரையை உங்கள் கையிலேயே வைத்திருந்து அன்றன்றைக்குக் கொடுங்கள். மனசு தெளியுமுன், சாகும் எண்ணம் போகுமுன், உடம்பில் தெம்பு வந்துவிடுவதுண்டு, அதனால் முதல் சில வாரம் கூடுதல் கவனம்.

கடனை ஒரு நோட்டில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எப்போது தவணை. மாட்டுக் கடனில் தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வங்கி அதை வாராக் கடன் கணக்கில் சேர்த்துவிடும். அதற்கு முன்பே போய் மேலாளரிடம் தவணையை மாற்றித் தரக் கேளுங்கள். வெளியே வாங்கியது கந்துவட்டி என்றால் 2003-ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் இருக்கிறது. இறந்த மாடுகளுக்குக் காப்பீடு இருந்ததா? காது வில்லையையும் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்றையும் தேடி எடுங்கள். இந்த வேலைகளை நீங்களும் சொந்தக்காரர் ஒருவரும் செய்யுங்கள். இப்போதைக்கு அவரை பேங்குக்கு இழுக்க வேண்டாம்.

வரவே மாட்டேன் என்றால் 14416-க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வையுங்கள். அது அரசின் மனநல உதவி எண், டெலி மனஸ்: இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் பேசுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சொசைட்டி செயலாளரையோ அவர் மதிக்கும் பங்காளியையோ வரவழைத்து, "உடம்பு வலிக்குக் காட்டிட்டு வந்துரலாம், வாங்க" என்று கூட்டிப் போகச் சொல்லுங்கள். உடம்பு வலியும் உண்மைதானே. சாகும் எண்ணம் இருப்பதை மருத்துவரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.