லீவு எடுத்தும் தேறாத உடம்பு

கேள்வி: யாழ்ப்பாணத்தில் வங்கி ஒன்றின் கடன் பிரிவில் பணிபுரிகிறேன், வயது 43. வேலை நாட்களில் ஒன்றும் தெரிவதில்லை. சனிக்கிழமை விடிந்தால் தலையிடி. நல்லூர்த் திருவிழாவுக்கு எடுத்த ஒரு வார லீவில் பாதி தடிமனும் காய்ச்சலுமாகவே கழிந்தது. வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாளே பழைய களைப்பும் வந்துவிட்டது. ஓய்வெடுத்தும் உடம்பு ஏன் தேறவில்லை?
- வாசகி, சுன்னாகம்

பதில்: அன்புள்ள சகோதரி, லீவு என்பது உங்களுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான ஏற்பாடு, உடல் அதைத் தானாக அறிந்துகொள்வதில்லை. வேலை நெருக்கடியின்போது அட்ரீனலின், கோர்ட்டிசோல் ஆகிய ஓமோன்கள் கூடுதலாகச் சுரந்து, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகின்றன. வேலை முடிந்ததும் அவை இறங்கிவிட்டால் தீங்கில்லை. இறங்குமுன்பே மறுநாள் வேலை அதன்மேல் ஏறும்போதுதான் களைப்புத் தேங்குகிறது என்று நெதர்லாந்து உளவியலாளர்களான மைமனும் முல்டரும் 1998இல் விளக்கினார்கள்.

இறங்கவிடாமல் தடுப்பது பெரும்பாலும் நினைப்புத்தான். ஞாயிறு மத்தியானம் கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கையில், தவணை கட்டாத ஒருவரின் கோப்பு நினைவுக்கு வந்தால், அவர் எதிரே வந்து அமர்ந்துவிட்டதைப் போலவே உடல் முறுகத் தொடங்குகிறது. அந்த நினைப்போடு படுத்தால், உறக்கத்தில் 10 முதல் 20 வீதம் வரை குறையவேண்டிய இரத்த அழுத்தம் போதியளவு குறையாமல் போகலாம். ஆழ்ந்த உறக்கமும் சுருங்கும். ஓய்வு மிகவும் தேவைப்படுபவருக்கே ஓய்வெடுப்பது கடினமாக இருக்கிறது என்பது இத்துறை ஆய்வாளர்கள் கண்ட முரண்.

சனிக்கிழமைத் தலையிடிக்கு வேறு காரணங்களும் சேரக்கூடும். மன அழுத்தம் சட்டென்று குறைந்த மறுநாளில் ஒற்றைத் தலையிடி வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதை அமெரிக்க ஆய்வொன்று 2014இல் காட்டியது. அலுவலகத்தில் வேளைக்கு வேளை தேநீர் குடித்துப் பழகியவர், லீவு நாளில் பிந்தி எழுந்து முதல் தேநீரையும் பிந்திக் குடித்தால், கஃபீன் கிடைக்காமையாலும் தலை இடிக்கும். ஆகவே சனிக்கிழமையிலும் வழமையான நேரத்துக்கே எழுந்து, வழமையான நேரத்துக்கே தேநீர் குடித்துப் பாருங்கள்.

லீவில் நோய்ப்படுவதும் உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. நெதர்லாந்தில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில் ஏறத்தாழ 3 வீதத்தினர் இதையே கூறினர். வேலைப் பொறுப்பைத் தலையில் சுமப்பவர்களும் வேலையிலிருந்து ஓய்வுக்கு மாறத் தடுமாறுபவர்களுமே அவர்களுள் அதிகம்.

நீண்ட லீவின் பலன் சில வாரங்களுக்குள், சிலருக்கு முதல் வாரத்திலேயே, கரைந்துவிடுகிறது. எனவே ஆண்டு லீவை எண்ணிக் காத்திருப்பதைவிட ஒவ்வொரு மாலையையும் மீட்டெடுப்பதே பயன் தரும். அலுவலகத்தை விட்டுப் புறப்படுமுன், முடியாத வேலைகளையும் அவற்றை நாளை எத்தனை மணிக்குத் தொடங்குவீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி மேசையிலேயே விட்டுவிடுங்கள்; எங்கே, எப்போது என்று தீர்மானமான வேலை மனத்தை அவ்வளவாக அரிப்பதில்லை. அலுவலக வட்ஸ்அப் குழுவின் ஒலியை இரவில் நிறுத்திவையுங்கள். (லீவில் நிற்பவரை அழைத்து “ஒரு நிமிடம்தான்” என்று தொடங்கும் முகாமையாளர்களும் இதை வாசித்தால் நல்லது.) மாலையில் வியர்க்கும் அளவுக்கு நடப்பதோ சைக்கிள் ஓடுவதோ, தொலைக்காட்சியின் முன் சாய்ந்திருப்பதைவிட நல்ல ஓய்வு.

தலையிடி தொடர்ந்தால் எல்லாவற்றையும் வேலைமீது போட்டுவிடாதீர்கள். வேலை நாளொன்றிலும் லீவு நாளொன்றிலும் ஒரே நேரத்தில் இரத்த அழுத்தத்தை அளந்து, இரு அளவுகளையும் எழுதிக்கொண்டு உங்கள் வைத்தியரிடம் செல்லுங்கள்.